மேடையில் அரூபம்: ஓவியரின் இடம் குறித்த நெடிய விவாதம்

உருவங்களைக் கைவிட்ட ஓவியர் ஒருவரை நடனத்துக்கோ ஓபராவுக்கோ மேடை அமைக்க அழைக்கிறார்கள். கதைக்கு ஓர் அரண்மனை வேண்டும், ஒரு பாலைவனம் வேண்டும், குறைந்தது ஒரு வாசலாவது வேண்டும். அவரிடம் இருப்பவையோ நிறம், கோடு, தூரிகையின் வேகம் ஆகியவை மட்டுமே. அவர் மேடைக்கு என்ன தர முடியும்? தன் ஓவியத்தைப் பெரிதாக்கி நடனக்காரர்களுக்குப் பின்னால் தொங்கவிட்டால் அது மேடை வடிவமைப்பு ஆகிவிடுமா? அல்லது மேடைக்கு வந்ததும் அவர் ஓவியராக இருப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டுமா?

ஐரோப்பிய, அமெரிக்க அரங்கில் இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அரங்கக் கோட்பாட்டாளர்களிடமிருந்தோ ஓவியர்களிடமிருந்தோ வந்தவை. திரைச்சீலையில் வண்ணம் பூசியவர்களும் விளக்கை இயக்கியவர்களும் அரிதாகவே பேசியிருக்கிறார்கள். இந்த விவாதத்தின் பல குறைகளுக்கு அதுவே காரணம் என்று தோன்றுகிறது.

கலைகளின் கூட்டு

தொடக்கப் புள்ளியாக வழக்கமாகச் சுட்டப்படுவது ரிச்சர்ட் வாக்னர் 1849-இல் எழுதிய ‘எதிர்காலத்தின் கலைப்படைப்பு’ என்ற கட்டுரை. தனித்தனியாகப் பிரிந்துபோன கலைகள் நாடகத்தில் மீண்டும் ஒன்றுசேர வேண்டும் என்பது அவர் வாதம். நிலக்காட்சி ஓவியத்துக்கும் அந்தக் கூட்டில் மேடைப் பின்னணியாக ஓர் இடம் ஒதுக்கினார். ஓவியத்துக்கு அது உயர்வா தாழ்வா என்பதை அவர் அதிகம் பொருட்படுத்தவில்லை.

நடைமுறையில் ஓவியருக்கு உயர்வைத் தந்தது ரஷ்யாதான். மாஸ்கோவில் சாவா மாமொந்தோவ் 1885-இல் தொடங்கிய தனியார் ஓபரா, தொழில்முறைத் திரை வரைவோரை நம்பியிராமல் கொரோவின், வ்ரூபெல் போன்ற ஓவியர்களை மேடைக்கு அழைத்தது. அந்த வழியில் வந்த செர்கெய் தியாகிலெவ் 1909 முதல் பாரிஸில் தன் ரஷ்ய பாலேயை அரங்கேற்றினார். லியோன் பாக்ஸ்ட் 1910-இல் ‘ஷெஹரஸாத்’துக்கு அமைத்த மேடையின் நிறச்சேர்க்கை அரங்கத்துக்கு வெளியே ஆடையிலும் வீட்டு அலங்காரத்திலும் பரவியது. பின்னர் கொஞ்சரோவா, பிக்காசோ, மத்தீஸ் என்று வரிசை நீண்டது. ஓவியர் மேடையின் இணையாசிரியர் என்ற எண்ணம் நிலைபெற்றது 1909-ஐத் தொடர்ந்த இருபது ஆண்டுகளில்தான்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் அங்கேயே தெரிந்தது. 1917-இல் ‘பரேட்’ பாலேவுக்கு பிக்காசோ உருவாக்கிய மேலாளர் வேடங்கள் ஏறத்தாழ 3 மீட்டர் உயரமான அட்டைக் கட்டுமானங்கள். அவற்றைச் சுமந்தவர்கள் நடக்கவும் காலால் தட்டவும்தான் முடிந்தது. அதே பாலேவின் முன்திரை 10 மீட்டருக்கு மேல் உயரமும் 16 மீட்டர் அகலமும் கொண்டது. கூட்டு என்ற பெயரில் ஒரு கலை மற்றவற்றின் இடத்தை எடுத்துக்கொள்கிறதா என்ற ஐயம் இங்கே நியாயமானதே. இருந்தாலும் இவர்களில் பெரும்பாலோர் உருவத்தை முழுவதுமாகத் துறந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். மத்தீஸ் மட்டும் ஒரு கட்டத்தில் எல்லையைத் தொட்டார். 1939-இல் நடன அமைப்பாளர் மஸ்ஸீனின் ‘சிவப்பும் கறுப்பும்’ பாலேவுக்கு அவர் அமைத்த மேடை எந்த இடத்தையும் காட்டவில்லை. வளைவுகளும் நிறப்பட்டைகளுமே அங்கே இருந்தன.

தட்டையான திரை, திரண்ட உடல்

ஓவியரை மேடையிலிருந்து வெளியேற்றச் சொன்னவர்களில் வலுவாக வாதிட்டவர் சுவிட்சர்லாந்தின் அடோல்ஃப் ஆப்பியா. ‘இசையும் மேடையேற்றமும்’ என்ற அவருடைய நூல் 1899-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. அவருடைய தர்க்கம் எளிமையானது. நடிகரின் உடலுக்கு முப்பரிமாணம் உண்டு, அது அசைகிறது. வரையப்பட்ட மரம் தட்டையானது, அது அசையாது. விளக்கின் திசை மாறினால் நடிகரின் நிழல் மாறுகிறது, திரையில் தீட்டிய நிழல் மாறுவதில்லை. எனவே இரண்டும் ஒரே உலகத்தில் இருக்க முடியாது. படிக்கட்டு, சரிதளம், தூண் போன்ற உண்மையான கனவடிவங்களும் அவற்றின் மேல் நகரும் ஒளியும் போதும் என்றார் ஆப்பியா. டிரெஸ்டன் அருகே ஹெல்லராவில் எமில் ழாக்-தால்க்ரோஸுடன் சேர்ந்து 1912, 1913 ஆண்டுகளில் அதைச் செய்தும் காட்டினார். இங்கிலாந்தின் எட்வர்ட் கோர்டன் கிரெய்க் வேறு வழியில் இதையொட்டிய முடிவுக்கு வந்தார். மாஸ்கோ கலை அரங்கில் 1912-இல் அரங்கேறிய ‘ஹாம்லெட்’டுக்கு அவர் அமைத்தது ஓவியம் இல்லாத நெடிய தட்டிகளின் மேடை.

வாக்னரின் படைப்புகளுக்காகவே தன் திட்டங்களை வகுத்த ஆப்பியாவை, பைராய்ட் விழாவை நடத்திவந்த கோஸிமா வாக்னர் ஏற்கவில்லை. வாக்னரின் பேரன் வீலண்ட் வாக்னர், போருக்குப் பின் 1951-இல் விழா மீண்டும் தொடங்கியபோது, மேடையை வெறுமையாக்கி ஒளியால் நிரப்பினார். அதில் ஆப்பியாவின் செல்வாக்கைப் பலரும் கண்டனர்.

இந்த வாதம் இன்றும் மேற்கோளாக வலம்வருகிறது. அது எதைத் தாக்குகிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆப்பியாவின் கண்டனம் ஆழம் இருப்பதாகப் பாவனை செய்யும் ஓவியத்தின் மேல் விழுகிறது. அரூபத் திரை எந்த மரத்தையும் பாவனை செய்வதில்லை. தன்னைத் திரை என்றே ஒப்புக்கொள்கிறது. ஆகவே கண்டனத்தில் பாதி அதைத் தொடாது. மறுபாதி தொடும். பெரிய நிறப்பரப்பு ஒன்று அசையாமல் நிற்கும்போது, அதற்கு முன்னால் அசையும் சிறிய உடலிடமிருந்து அது கண்ணைப் பறித்துக்கொள்ளலாம். இந்த மறுபாதிக்கு யாரும் முழுமையான பதில் தந்ததாகத் தெரியவில்லை.

மேடையில் பிறந்ததா அரூபம்?

மூன்றாவது நிலைப்பாடு கேள்வியையே தலைகீழாக்குகிறது. அரூப ஓவியம் மேடைக்குப் பிற்பாடு வந்த விருந்தாளி அன்று, அதன் பிறப்பிடங்களில் ஒன்றே மேடை என்பது அதன் சாரம். இதற்கான முதன்மைச் சான்று 1913 டிசம்பரில் பீட்டர்ஸ்பர்க் லூனா பார்க் அரங்கில் நடந்த ‘சூரியன் மீதான வெற்றி’ ஓபரா. உரை க்ருச்சோனிக், இசை மத்யூஷின், மேடையும் ஆடையும் காசிமிர் மாலெவிச். நகரும் ஒளிக்கற்றைகள் நடிகர்களின் உடலைத் துண்டுதுண்டாக வெட்டிக் காட்டியதை நேரில் பார்த்த கவிஞர் பெனெதிக்த் லிவ்ஷித்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அந்த மேடைக்கான ஒரு வரைபடத்தில் சதுரம் ஒன்று கறுப்பும் வெள்ளையுமாகப் பிரிந்து நிற்கிறது. 1915 இறுதியில் காட்சிக்கு வைத்த ‘கருஞ்சதுரம்’ ஓவியத்தின் தொடக்கம் 1913-லேயே நிகழ்ந்ததாக மாலெவிச் வலியுறுத்தினார்.

இந்தச் சான்றைக் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தன் கண்டுபிடிப்புக்கு முன்தேதி இடுவதில் மாலெவிச்சுக்கு அக்கறை இருந்தது. வரைபடத்தின் சதுரம் ஓவியத்தின் சதுரமாக மாறியதற்கு இடையில் இரண்டு ஆண்டு வேலை இருக்கிறது. மேடை அவருக்கு ஓர் இடத்தையும் ஓர் அனுமதியையும் தந்தது என்ற அளவில் ஏற்கலாம். அதற்கு மேல் சொல்வது ஊகம்.

ஓவியர் காண்டின்ஸ்கியின் வழி இன்னும் தீவிரமானது. ‘மஞ்சள் ஒலி’ என்ற மேடைப் பிரதியை அவர் 1912-இல் ‘நீலக் குதிரைவீரன்’ தொகுப்பில் வெளியிட்டார். அவர் வாழ்நாளில் அது மேடையேறவில்லை. 1928-இல் தெஸ்ஸாவ் நகரில் முஸோர்க்ஸ்கியின் ‘கண்காட்சி ஓவியங்கள்’ இசைக்கு அவர் அமைத்த மேடையில், இரண்டு காட்சிகள் தவிர மற்றவற்றில் மனிதர்களே இல்லை. நகரும் வடிவங்களும் நிற ஒளியுமே நடித்தன. இத்தாலியில் ஜாக்கோமோ பாலா 1917-லேயே இதைச் செய்திருந்தார். தியாகிலெவுக்காக ரோமில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வாணவேடிக்கை’ இசைக்கு அவர் நிறுத்தியது உள்ளிருந்து ஒளிரும் வடிவங்களை மட்டுமே. நடனக்காரர் ஒருவரும் இல்லை. நிகழ்ச்சி சில நிமிடங்களில் முடிந்துவிட்டது.

சில நிமிடங்கள் என்பது தற்செயலா? உடல் இல்லாத அரூப மேடை நீண்ட நேரம் பார்வையாளரைப் பிடித்து வைத்ததற்கு அந்தக் காலத்திலிருந்து சான்றுகள் மிகக் குறைவு. ஆஸ்கர் ஷ்லெம்மர் அதை உணர்ந்திருக்க வேண்டும். 1922-இல் ஸ்டுட்கார்ட்டில் அரங்கேறிய அவருடைய ‘மும்மை பாலே’ உடலை நீக்கவில்லை. கோளம், கூம்பு, வட்டு என்று உடலுக்கே வடிவியலை அணிவித்தது. ஆடுபவரின் அசைவை ஆடை தீர்மானித்தது. அதே 1922-இல் மாஸ்கோவில் லியுபோவ் பொபோவா நேர் எதிர்த்திசைக்குப் போனார். இயக்குநர் மேயர்ஹோல்டின் ‘பெருந்தன்மையான கணவன்’ நாடகத்துக்கு அவர் தந்தது சக்கரங்களும் ஏணிகளும் சரிவுகளும் கொண்ட மரச்சட்டகம். நடிகர் ஏற, சறுக்க, குதிக்க அது ஒரு கருவி. அரூப ஓவியத்தில் கற்ற கட்டமைப்பை அவர் படமாகத் தொங்கவிடாமல் பயன்பொருளாக நிறுத்தினார். இந்தக் காலகட்டத்தின் மிகத் தெளிவான தீர்வு இதுவென்று கருத இடமுண்டு. ஆனால் அதற்குக் கொடுத்த விலை நிறம். ஓவியர் தன் முதன்மையான கருவியை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது.

தொடர்பின்றிச் சேர்ந்திருத்தல்

நான்காவது பதில் நியூயார்க்கில் உருவானது. நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நடனம், இசை, மேடை மூன்றும் தனித்தனியே உருவாகி நிகழ்ச்சியன்று ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தால் போதும் என்றார்கள். எதுவும் எதற்கும் பணியாற்ற வேண்டியதில்லை. ராபர்ட் ரௌஷன்பெர்க் 1954-இல் ‘மினூஷியே’ நடனத்துக்கு அமைத்ததிலிருந்து பத்தாண்டுகள் அவர்களுடன் வேலை செய்தார். பின்னர் ஃபிராங்க் ஸ்டெல்லா 1967-இல் ‘ஸ்க்ராம்பிள்’ நடனத்துக்கு நிறத்துணிப் பட்டைகளை அமைத்தார். மறு ஆண்டு ‘வாக்அரவுண்ட் டைம்’ நடனத்துக்கு ஜாஸ்பர் ஜான்ஸ், மார்செல் தூஷானின் பெரிய கண்ணாடிப் படைப்பை ஒட்டிய ஒளிபுகும் பெட்டிகளைச் செய்தார்.

அரூப ஓவியருக்கு இதைவிடத் தாராளமான அழைப்பு வந்ததில்லை. கதை இல்லை, இடம் இல்லை, விளக்க வேண்டிய கடமை இல்லை. ஆனால் கோட்பாடு சொல்லும் அளவுக்கு அந்தச் சுதந்திரம் முழுமையாக இருந்ததா என்பது ஐயத்துக்குரியது. 1958-இன் ‘சம்மர்ஸ்பேஸ்’ இதற்கு நல்ல சோதனை. அந்த நடனத்துக்கு மையம் கிடையாது என்ற ஒரு செய்தியை கன்னிங்ஹாம் முன்கூட்டியே ரௌஷன்பெர்க்கிடம் சொல்லியிருந்தார். ரௌஷன்பெர்க் பின்திரையிலும் ஆடையிலும் ஒரே மாதிரி வண்ணப் புள்ளிகளைத் தெளித்தார். அசையாமல் நின்றால் ஆடுபவர் திரையில் கரைந்துபோவார். நகர்ந்தால் பிரிந்து தெரிவார். மேடை வடிவமைப்பின் வரலாற்றிலேயே நடனத்தோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைந்த திரைகள் சிலவே. ஆப்பியாவின் கண்டனத்தில் எஞ்சிய பாதிக்கு, அதாவது திரை உடலிடமிருந்து கண்ணைப் பறிக்கிறது என்பதற்கு, ஒருவகையில் இது பதிலும்கூட. இந்தத் திரையில் கண் தங்க வேண்டுமானால் உடல் அசைந்தாக வேண்டும். அந்தப் பதில் தொடர்பின்மைக் கொள்கையிலிருந்து வந்ததா, மையம் இல்லை என்ற அந்த ஒரு வரியிலிருந்து வந்ததா? இரண்டாவதற்கே சாத்தியம் அதிகம்.

ஹாவர்ட் ஹாட்ஜ்கின்: நினைவும் திரையும்

நம் காலத்துக்கு அருகில் வரும்போது பிரிட்டனின் ஹாவர்ட் ஹாட்ஜ்கின் விரிவாகப் பார்க்கத் தக்கவர். 1932-இல் பிறந்து 2017-இல் மறைந்தார். அவரை அரூப ஓவியர் என்பதே வழக்கம். அவர் அதை ஏற்கவில்லை. குறிப்பிட்ட மனிதர்களோடு குறிப்பிட்ட இடத்தில் கழிந்த பொழுதின் உணர்வை வரைவதாகவே கருதினார். தலைப்புகள் அறையையும் ஊரையும் நண்பரையும் சுட்டும். படத்தில் தெரிவது தடித்த தூரிகை வீச்சுகளும் புள்ளிகளும் பட்டைகளும். மரப்பலகையில் வரைந்தார், சட்டகத்தின் மேலும் வண்ணம் ஏற்றினார், பல படங்களை ஆண்டுக்கணக்கில் வைத்துத் திருத்தினார். 1964-இல் முதன்முறை வந்ததிலிருந்து இந்தியா அவரை விடவில்லை. இந்திய ஓவியங்களைத் தேர்ந்த கண்ணோடு சேகரித்தார். டெல்லியில் சார்ல்ஸ் கொரியா வடிவமைத்து 1992-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தின் முகப்பில், கறுப்புக் கடப்பைக் கல்லாலும் வெள்ளை மக்ரானா பளிங்காலும் ஆன ஆலமர நிழல் அவருடையது.

மேடை வேலை அவருக்கு ஓய்வுநேரப் பழக்கமாக இருக்கவில்லை. நடன அமைப்பாளர் ரிச்சர்ட் ஆல்ஸ்டனோடு 1981-இல் ‘நைட் மியூசிக்’, 1987-இல் ‘புல்சினெல்லா’ என்ற இரண்டையும் பாலே ராம்பெர்ட்டுக்காகச் செய்தார். அதன் பின் அமெரிக்க நடன அமைப்பாளர் மார்க் மோரிஸுடன் நீண்ட உறவு ஏற்பட்டது: 1997-இல் ‘ரைம்ஸ் வித் சில்வர்’, 2002-இல் ‘கோலம்’, 2006-இல் ‘மோட்சார்ட் டான்சஸ்’, 2016-இல் ‘லைலா மஜ்னூன்’. தமிழ்ப் பெயர் தாங்கிய ‘கோலம்’ நடனத்துக்கு ஜாகிர் உசேனும் ஈதன் ஐவர்சனும் இசையமைத்தார்கள்.

விமர்சகர்கள் எழுப்பக்கூடிய முதல் ஐயம் அளவு பற்றியது. ஹாட்ஜ்கினின் பல பலகைகள் சிறியவை. அடுக்கடுக்காக ஏறிய வண்ணத்தின் கனம்தான் அவற்றின் உயிர். அரங்கத்தின் கடைசி வரிசைக்கு அந்தக் கனம் தெரியாது. எஞ்சுவது வீச்சின் வடிவமும் நிறமும்தான். ‘மோட்சார்ட் டான்சஸ்’ இந்த இழப்பை மறைக்கவில்லை. அதன் மூன்று பகுதிகளிலும் பெரிதாக்கப்பட்ட தூரிகை வீச்சுகள் பின்திரையில் நிற்கின்றன. கையின் ஒரு நொடி அசைவு ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்து, அதற்கு முன்னால் வேறு உடல்களின் அசைவைத் தாங்குகிறது. தீட்டிய கையும் ஆடும் காலும் ஒரே வகைச் செயலின் இரு தடயங்கள் என்று பார்வையாளர் உணர வாய்ப்பு உண்டு. ஓவியத்தில் இழந்ததற்கு ஈடு இதுதான். எல்லா அரூப ஓவியருக்கும் இந்த ஈடு கிடைக்காது. வீச்சையே நம்பி வரைபவருக்குத்தான் கிடைக்கும். கடினமான விளிம்புகளும் சீரான நிறப்பரப்பும் கொண்ட ஓவியம் மேடையில் வேறு விதமாகத்தான் வாழ வேண்டியிருக்கும்.

இரண்டாவது ஐயம் கூர்மையானது. அதே திரையை வேறொரு நடனத்துக்குப் பின்னால் தொங்கவிட்டால் ஏதாவது மாறுமா? மாறாது என்றால் அது அலங்காரம். கன்னிங்ஹாம் வழியில் வருபவர் இந்தச் சோதனையையே மறுப்பார். இசைவு ஓர் அளவுகோலே அன்று என்பார். மோரிஸ் அந்த வழியில் வந்தவர் அல்லர், இசையை நெருங்கித் தொடர்பவர். ஆகவே அவருடைய படைப்புகளில் இந்தக் கேள்வியைக் கேட்பது முறையே. ‘லைலா மஜ்னூன்’ இதற்குத் தெளிவான விடை தருகிறது. அசர்பைஜானின் உசெயிர் ஹாஜிபெய்லியின் ஓபராவிலிருந்து உருவான அந்த நிகழ்ச்சியில் பாடகர்கள் மேடையின் நடுவில் அமர்ந்திருக்கிறார்கள். காதலர்களை நான்கு இணைகள் மாறி மாறி ஆடுகின்றன. லைலாவுக்கும் மஜ்னூனுக்கும் நிலையான ஓர் உடல் இல்லை. பாலைவனமோ பள்ளிக்கூடமோ வரைந்த திரை இருந்திருந்தால், இடம் மட்டும் உறுதியாகவும் ஆட்கள் மட்டும் மாறுபவர்களாகவும் ஒரு பிளவு தெரிந்திருக்கும். ஹாட்ஜ்கினின் வீச்சுகள் எந்த இடத்தையும் உறுதிசெய்வதில்லை. அதனால் எல்லா இணைகளுக்கும் அவை சமமாகவே பொருந்துகின்றன. அவருடைய ஓவியத்தில் தலைப்பு செய்த வேலையை இங்கே கதை செய்கிறது என்றும் வாசிக்கலாம்: நிறங்களைப் பார்க்கிறவருக்கு எந்தத் துயரத்தின் நினைவு இது என்று அது சொல்லிவிடுகிறது. அவர் மறைவுக்குச் சில மாதங்களுக்கு முன்பு வந்த இந்த மேடை, அரூப ஓவியத்தால் கதைக்கு உதவ முடியாது என்ற பழைய முன்முடிவை நன்றாகவே அசைக்கிறது.

யாருடைய கை?

கோட்பாட்டு விவாதங்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் ஒன்று, திரையை உண்மையில் தீட்டியவர் யார் என்பது. தியாகிலெவின் லண்டன் நாட்களில் பல திரைகள் விளாதிமிர் பொலூனினின் பட்டறையில் உருவாயின. துணியைத் தரையில் விரித்து, நீண்ட கைப்பிடித் தூரிகையோடு அதன் மேல் நடந்து தீட்டும் முறையை அவர் 1927-இல் நூலாகவே எழுதினார். 1919-இல் பிக்காசோவின் ‘முக்கோணத் தொப்பி’ மேடை அங்கேதான் உருவானது. நிலக்காட்சியைப் பெரிதாக்கும்போது கைமாற்றத்தால் அதிகம் கெடுவதில்லை. மலை மலையாகவே இருக்கும். அரூப வீச்சைப் பெரிதாக்குவது அப்படியல்ல. ஒரு நொடியில் தற்செயலாக வழிந்த வண்ணத்தை இன்னொருவர் பல நாள் எடுத்துக் கவனமாகப் பிரதிசெய்ய வேண்டும். தன்னிச்சை அங்கே திட்டமாகிவிடுகிறது. இது போலி என்று சொல்வோர் உண்டு. இசைக்குறிப்பை வாசிக்கும் கலைஞரைப் போலி என்கிறோமா என்று திருப்பிக் கேட்கவும் முடியும். பட்டறைக் கலைஞர்களின் அனுபவங்கள் விரிவாகத் தொகுக்கப்பட்டால்தான் இந்த வாதம் முன்னேறும்.

திரை மேடையைவிட்டு வெளியேறும்போது இன்னொரு சிக்கல். ‘முக்கோணத் தொப்பி’ முன்திரையின் நடுப்பகுதியை 1928-இல் தியாகிலெவ் வெட்டியெடுத்து விற்றார். பணத்தேவைதான் காரணம். அந்தத் துண்டு பின்னர் நியூயார்க் உணவகம் ஒன்றில் பல பத்தாண்டுகள் தொங்கி, இன்று அந்நகரின் வரலாற்றுக் கழகத்தில் ஓவியமாக மதிக்கப்படுகிறது. வியன்னா அரசு ஓபரா எதிர்த்திசையில் ஒரு சமரசம் கண்டது. 1998 முதல் பருவந்தோறும் ஒரு கலைஞரின் படைப்பு அதன் தீத்தடுப்புத் திரையை நிறைக்கிறது. சை ட்வாம்ப்லியும் அவர்களில் ஒருவர். நிகழ்ச்சி தொடங்கியதும் திரை விலகிவிடும். ஓவியம் அரங்கத்துக்குள் இருக்கிறது, நாடகத்துக்குள் இல்லை. பாதுகாப்பான ஏற்பாடுதான், கேள்வியைத் தீர்க்காமல் தள்ளிவைக்கும் ஏற்பாடும்கூட.

அதற்கு முற்றிலும் மாறானது 2021-இல் பைராய்டில் நடந்தது. வாக்னரின் ‘வால்க்யூரெ’யைப் பாடகர்கள் மேடையின் முன்புறம் நின்று பாட, அவர்களுக்குப் பின்னால் ஓவியர் ஹெர்மன் நிட்ஷின் உதவியாளர்கள் வெண்பரப்பின் மேல் வண்ணத்தை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஓவியம் இசையோடு சேர்ந்து காலத்தில் நிகழ்ந்தது. அரங்கில் பாராட்டும் கண்டனமும் சேர்ந்தே எழுந்தன. கதைக்கும் ஊற்றலுக்கும் தொடர்பு என்ன என்ற கேள்விக்கு அந்த நிகழ்ச்சி தெளிவான பதில் தரவில்லை. ஆனால் முடிந்த ஓவியத்தைத்தான் மேடைக்குக் கொண்டுவர முடியும் என்ற நினைப்பை அது உடைத்தது.

தீராதவை

இந்த நிலைப்பாடுகளை ஒப்பிடும்போது ஒரு பொதுக் குறை தென்படுகிறது. எல்லாத் தரப்பும் ஆதாரமாக வைப்பவை பெரும்பாலும் காகிதத்தில் எஞ்சிய வரைபடங்களும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுமே. மாலெவிச்சின் மேடையோ பாலாவின் ஒளியோ பார்வையாளரின் கண்ணில் எப்படி விழுந்தது என்பதற்குச் சில சாட்சியங்களும் பிற்கால மறு உருவாக்கங்களும்தான் உள்ளன. அரூபத் திரையில் இது சிறிய குறை அன்று. அதன் பொருள் நிறத்தில் இருக்கிறது. நிறமோ விளக்கைப் பொறுத்தது. மஞ்சள் கலந்த ஒளியில் நீலம் மங்கும்; பழைய இழை விளக்கின் கீழ் தேர்ந்தெடுத்த சிவப்பு, எல்இடி விளக்கின் கீழ் அதே சிவப்பாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ‘மோட்சார்ட் டான்சஸ்’, ‘லைலா மஜ்னூன்’ இரண்டுக்கும் ஒளியமைத்தவர் ஜேம்ஸ் இங்கல்ஸ். ஹாட்ஜ்கினின் திரை என்று நாம் பேசுவதில் அவர் பங்கு எவ்வளவு என்பதை அளந்து சொல்ல நம்மிடம் இன்னும் சொல்லாடல்கூட வளரவில்லை.

கிடைக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், உடலுக்கும் ஒளிக்கும் இடம் விட்டுவைத்த அரூப மேடைகளே நெடுங்காலம் நின்றிருக்கின்றன என்று தற்காலிகமாகச் சொல்லலாம். பொபோவாவின் சட்டகம், ரௌஷன்பெர்க்கின் புள்ளிகள், ஹாட்ஜ்கினின் வீச்சுகள் ஆகிய மூன்றும் தம்மளவில் முழுமை கோராதவை. ஆனால் பாலாவின் சில நிமிடங்கள் இதற்கு எதிராக நிற்கின்றன. அவற்றை முழுமையாகத் தவறென்று ஒதுக்க நம்மிடம் போதிய காரணம் இல்லை. இன்றைய ஒளித் தொழில்நுட்பம் அவர் கையில் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

மறுமேடையேற்றம் பற்றிய கேள்வி இப்போது அவசரமாகியிருக்கிறது. கன்னிங்ஹாமின் நடனக்குழு 2011 இறுதியில் கலைந்தது. அதன் மேடைப் பொருட்களும் ஆடைகளும் மினியாபொலிஸ் நகரின் வாக்கர் கலை மையத்துக்குச் சென்றன. நடனங்கள் மற்ற குழுக்களால் தொடர்ந்து ஆடப்படுகின்றன. அவற்றுக்கான திரைகளையோ மீண்டும் தீட்டியாக வேண்டும். அருங்காட்சியகத்தில் மூலம் அசையாமல் இருக்கிறது, மேடையில் நகல் உடல்களோடு இருக்கிறது. இவற்றில் எதை ரௌஷன்பெர்க்கின் படைப்பு என்று அழைப்பது என்பதில் அருங்காட்சியகங்களும் நடனக் குழுக்களும் ஒரே அளவுகோலுக்கு வரவில்லை. காலப்போக்கில் மங்கிய மூலத்தின் நிறத்தைப் பின்பற்றுவதா, முதல் இரவில் இருந்திருக்கக்கூடிய நிறத்தை ஊகித்துத் தீட்டுவதா என்பதை ஒவ்வொரு மறுமேடையேற்றத்திலும் ஒரு பட்டறை தானே முடிவு செய்துகொண்டிருக்கிறது.